நீச்சல் பந்தயமும் பெற்றோர் கடமையும்

(இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நடந்த பெற்றோர் கூட்டங்களில் பேசியதின் தொகுப்பு)



இன்றையக் கூட்டத்தின் நோட்டீசைப் பார்த்த சில தோழர்கள், "ஜாதியைப் பற்றியும் மூடநம்பிக்கையைப் பற்றியும் பேசுகிற மேடையில் நீச்சலைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?" என்று கேட்டார்களாம். கேட்டது நியாயமே. நீச்சல் என்கின்ற இந்தச் சிறு காரியத்திற்குள் ஜாதியும், ஜோசியமும், பெண்ணடிமையும், பணக்கார ஏழை வித்தியாசமும் எவ்வளவு தூரம் நுழைந்து உட்கார்ந்து கொண்டிருக்கின்றன என்பதை நான் சொல்லி முடித்த பிறகு, அக்கேள்விக்கு அவர்களே பதில் சொல்லிக் கொள்ளட்டும்.

நமது பக்கத்துப் பிள்ளைகள் தண்ணீருக்குப் புதியவர்கள் அல்ல. மேற்கே மலை இருக்கிறது. ஐயனார் கோவில் ஆறும், செண்பகத்தோப்பு ஓடையும், பிளவக்கல் அணையும் இருக்கின்றன. ஊருக்கு ஊர் கண்மாயும், தோட்டத்துக்குத் தோட்டம் கிணறும் இருக்கின்றன. முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் இறக்கிவிட்டு நீச்சல் பழக்குவது நம் பாட்டன் காலத்திய வழக்கம். ஆனால், கிணற்றில் குதித்து விளையாடுவது வேறு. பந்தயத்தில் நீந்துவது வேறு. பந்தயத்திற்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோருக்கென்று ஒரு கடமை உண்டு. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

நீரில் கண்டம்

முதலாவது, பிள்ளையைத் தண்ணீரில் இறக்குவதற்கே நம்மில் பலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்திலாவது அர்த்தம் இருக்கிறதா என்றால், பாதிக்குத்தான் இருக்கிறது. தண்ணீர் ஆபத்தானதுதான். 2021-ஆம் ஆண்டில் மாத்திரம் உலகத்தில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்லுகிறது. 5 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளைக் கொல்லும் காரணங்களில் இது மூன்றாவதாக நிற்கிறது.

இதற்கு நம்மவர்கள் செய்கிற ஏற்பாடு என்ன? ஜோசியரிடம் போகிறார்கள். அவர் கட்டத்தைப் பார்த்து, "பையனுக்கு நீரில் கண்டம், தண்ணீர்ப் பக்கம் விடாதீர்கள்" என்று சொல்லி, ஒரு சாந்திக்கும் சீட்டு எழுதிக் கொடுக்கிறார். பையனும் வீட்டுக்குள்ளேயே வளர்கிறான். பிறகு ஒரு நாள் கூட்டாளிகளோடு கண்மாய்ப் பக்கம் போகிறான், கால் வழுக்குகிறது, நீந்தத் தெரியவில்லை, போய்விடுகிறான். உடனே, "பார்த்தீர்களா, ஜோசியர் சொன்னது பலித்துவிட்டது" என்கிறார்கள். பலித்தது ஜோசியமா, அல்லது நீச்சல் கற்றுக் கொடுக்காத முட்டாள்தனமா என்று யோசித்துப் பார்க்க வேண்டாமா? "இந்தக் கிணறு வருஷத்துக்கு ஒரு காவு கேட்கும்" என்று ஒரு கிணற்றின் மேல் பழி போடுகிறோம். கிணறு ஒன்றும் கேட்பதில்லை. அதற்குச் சுற்றுச்சுவரும், இறங்க ஏறப் படியும், பிடித்துக் கொள்ளக் கயிறும் வைக்காதவன்தான் காவு கொடுக்கிறான்.

இதே பயத்தைப் புத்தியோடு எதிர்கொண்ட ஒரு தகப்பனாரைப் பற்றிச் சொல்லுகிறேன். நிஷா மில்லட் என்னும் பெண் 5 வயதில் நீரில் மூழ்கிப் பிழைத்தவர். அவருடைய தகப்பனார், இனி மகளைத் தண்ணீர்ப் பக்கமே விடுவதில்லை என்று சபதம் செய்யவில்லை. 1991-இல் சென்னை ஷெனாய் நகரில் அவரே மகளுக்கு நீச்சல் கற்றுக் கொடுத்தார். அந்தப் பெண் 2000-இல் சிட்னி ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக நீந்தினார். நீரில் கண்டத்திற்குப் பரிகாரம் நீச்சல்தான் என்பதற்கு இதைவிட வேறு ருஜு என்ன வேண்டும்?

மற்றொரு பெற்றோரையும் பாருங்கள். ஜியா ராய் என்ற பெண் குழந்தைக்கு ஆட்டிசம் என்னும் குறைபாடு இருப்பது சிறு வயதிலேயே தெரிந்தது. நம்மூராயிருந்தால், "முன் ஜன்மத்துப் பாவம்" என்று சொல்லி மூலையில் உட்கார வைத்திருப்பார்கள். அந்தப் பெற்றோர் நீந்த வைத்தார்கள். 2022 மார்ச் 20-ஆம் தேதி, 13 வயதில், தலைமன்னாரிலிருந்து நமது தனுஷ்கோடி வரை அக்குழந்தை 13 மணி 10 நிமிஷத்தில் நீந்தி வந்தாள். கர்மவினை என்று தலையில் கை வைத்திருந்தால் அந்தக் கடலை யார் தாண்டியிருப்பார்கள்?

தண்ணீருக்கு ஜாதி இல்லை

இரண்டாவது சங்கதி, யாருடைய பிள்ளை எந்தத் தண்ணீரில் இறங்கலாம் என்பது. நம் நாட்டில் நாயும் மாடும் இறங்குகிற குளத்தில் மனிதனை இறங்க விடாமல் தடுத்தார்கள். 1927 மார்ச் 20-இல் மகாத் நகரத்துச் சவுதார் குளத்தில் அம்பேத்கர் அவர்கள் தம் மக்களோடு இறங்கித் தண்ணீரை அள்ளிக் குடித்ததற்காக அடிதடி நடந்தது; பிறகு அந்தக் குளத்தைச் "சுத்தி" செய்தார்கள். இது நம் ஊர்ப் பைத்தியம் மாத்திரமல்ல. அமெரிக்காவில் மிசிசிப்பி மாகாணத்து ஜாக்சன் நகரத்தார், கறுப்புப் பிள்ளைகளையும் சேர்த்து நீந்த விட வேண்டும் என்று கோர்ட்டு உத்தரவு வந்தபோது, நகரசபைக் குளங்களை அடியோடு மூடிவிட்டார்கள். 1971-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் அப்படி மூடியது செல்லும் என்று தீர்ப்புச் சொல்லிற்று. கறுப்பன் நீந்துவதைவிடத் தன் பிள்ளையும் நீந்தாமல் போவதே மேல் என்று நினைக்கிறவனுடைய புத்தியை என்னவென்று சொல்லுவது?

நம் பக்கத்தில், ஒரு தோட்டக் கிணற்றில் எல்லாப் பிள்ளைகளும் குளித்துக் கொண்டிருக்க, ஒரே ஒரு தெருப் பிள்ளைகள் இறங்கியவுடன் மோட்டாரைப் போட்டுத் தண்ணீரை வெளியேற்றியதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தக் கிணற்றுக்காரர் வீட்டுப் பிள்ளை நாளைக்குப் பந்தயத்துக்குப் போகிறான் என்று வைத்துக் கொள்ளுங்கள். எட்டுப் பேர் எட்டுப் பாதையில் ஒரே தண்ணீரில் குதிப்பார்கள். பக்கத்துப் பாதைக்காரன் என்ன ஜாதி என்று கடிகாரம் கேட்குமா? ஆகவே, பந்தயத்துக்குப் பிள்ளையை அனுப்புகிறவர்கள் முதலில் தங்கள் கிணற்றைத் திறந்து விடட்டும். கூட நீந்துவதற்கு ஆள் இல்லாத பிள்ளைக்கு வேகம் வராது. வேகம் என்பது பக்கத்தில் வருகிறவனைப் பார்த்து வருவதாகும்.

பெண் பிள்ளைகள்

மூன்றாவதாகப் பெண்களுக்கு வருகிறேன். பையன் நீந்தினால் "சூரன்" என்கிறோம். பெண் நீந்தினால், "என்ன உடுப்பு இது? வெயிலில் கறுத்துப் போனால் எவன் கட்டுவான்?" என்கிறோம். பத்து வயது வரை பரிசு வாங்கி வந்த பெண்ணை, பெரியவளானதும் சடங்கு சுற்றி, குளத்துக்கு அனுப்புவதை நிறுத்திவிடுகிறோம். மாதவிலக்கு நாளில் தண்ணீரில் இறங்கக் கூடாது என்பதும் வெறும் கதையே. உடம்புக்கு முடிந்தால் நீந்தலாம், முடியாவிட்டால் இருக்கலாம் என்பதுதான் வைத்தியர்கள் சொல்லுவது. அதை முடிவு செய்ய வேண்டியவள் அந்தப் பெண்ணே அல்லாமல் பஞ்சாங்கம் அல்ல.

ஒலிம்பிக்கிலேயே 1912-இல்தான் முதன்முதல் பெண்களை நீச்சலுக்கு விட்டார்கள். 1926-இல் கெர்ட்ரூட் எடர்லி என்ற அமெரிக்கப் பெண் இங்கிலீஷ் கால்வாயைத் தாண்டினார். அதற்கு முன் தாண்டியிருந்த ஆண்கள் எல்லோரையும்விடக் குறைந்த நேரத்தில் தாண்டினார். அவருடைய தகப்பனார் நியூயார்க்கில் கறிக்கடை வைத்திருந்தவர். மகள் நீந்தும்போது கூடவே படகில் வந்தார். நம் நாட்டில் வங்காளத்து ஆரதி சாஹா 1952-இல், இன்னும் குழந்தையாயிருக்கும் போதே, ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்குப் போனார். 1959 ஆகஸ்டில் கால்வாயைத் தாண்டப் பார்த்து முடியாமல் போயிற்று. அடுத்த மாதம் 29-ஆம் தேதி மறுபடியும் இறங்கித் தாண்டி, ஆசியாவிலேயே முதல் பெண் என்று பெயர் வாங்கினார். முதல் தடவை தோற்றவுடன், "பொம்பளைப் பிள்ளைக்கு இது போதும், வீட்டுக்கு வா" என்று கூப்பிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நம்மில் எத்தனை பேர் அப்படிக் கூப்பிடாமல் இருப்போம்? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்.

பந்தயம் என்றால் என்ன?

நிற்க, இனிப் பந்தய நீச்சலின் தன்மையைச் சற்று விளக்குகிறேன். பெரிய குளம் 50 மீட்டர் நீளம். 1500 மீட்டர் பந்தயம் என்றால் அதை 30 தடவை கடக்க வேண்டும். முன்நீச்சல், மல்லாந்த நீச்சல், மார்பு நீச்சல், பட்டாம்பூச்சி நீச்சல் என்று நான்கு வகை இருக்கிறது. ஒவ்வொன்றிற்கும் சட்டம் உண்டு. கை சுவரைத் தொட்ட மாத்திரத்தில் நேரம் விநாடியில் நூறில் ஒரு பங்கு வரை பதிவாகிவிடும். அங்கே சிபாரிசும் இல்லை, தட்சணையும் இல்லை. இப்படிப்பட்ட நாணயமான நீதிபதி நம் நாட்டில் வேறு எங்கே கிடைப்பார்?

அந்த நூறில் ஒரு பங்கின் விலை என்ன என்பதற்கு ஓர் உதாரணம். நமது நெய்வேலியில் வளர்ந்த சஜன் பிரகாஷ் என்பவர் 2021 ஜூன் மாதம் ரோம் நகரத்தில் 200 மீட்டர் பட்டாம்பூச்சி நீச்சலை 1 நிமிஷம் 56.38 விநாடியில் முடித்தார். ஒலிம்பிக்குக்கு நேராகத் தகுதி பெற வேண்டிய நேரம் 1 நிமிஷம் 56.48 விநாடி. விநாடியில் பத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தில், அந்த நேரத்தை எட்டிய முதல் இந்தியர் ஆனார். கண் இமைக்கிற நேரத்திற்கும் குறைவு. அதற்குப் பின்னால் எத்தனை வருஷம் இருக்கிறது தெரியுமா? அவருடைய தாயார் சாந்திமோள், தாமே ஓட்டப் பந்தய வீராங்கனையாயிருந்து, நெய்வேலி நிலக்கரிக் கம்பெனியில் உத்தியோகம் பார்த்துக் கொண்டு, தனியொருத்தியாக மகனை வளர்த்தவர். மகனுக்குக் கழுத்தில் காயம் ஏற்பட்டது. கொரோனாக் காலத்தில் குளங்கள் மூடப்பட்டன. இவ்வளவையும் கடந்துதான் அந்தப் பத்தில் ஒரு பங்கு கிடைத்தது.

அதற்குப் பிறகு டோக்கியோவில் அவர் அரை இறுதிக்குக்கூடப் போகவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லுகிறேன். அதனால் அந்தத் தாயின் பாடு வீண் என்று சொல்ல எவனுக்கு வாய் வரும்?

பெற்றோர் செய்ய வேண்டியது

ஆகவே பெற்றோரின் வேலை என்ன? பிள்ளைக்குத் தூக்கம் கொடுங்கள். காலை ஐந்து மணிக்கு எழுப்புவதானால் இரவு எட்டு மணிக்குப் படுக்கவிட வேண்டும். செல்போனை வாங்கி வைக்க வேண்டும். நீங்களும் வைத்துவிட வேண்டும். வயிறார உணவு கொடுங்கள். நீந்துகிற பிள்ளைக்குப் பசி அதிகம். கம்பும் கேப்பையும், முட்டையும் கடலையும், வாழைப்பழமும் நம்மூரிலேயே கிடைக்கின்றன. டப்பாப் பொடிகள் வேண்டியதில்லை. தோள் வலிக்கிறது என்றால், "சோம்பேறி" என்று திட்டாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான தடவை சுழலுகிற தோள் அது. குளத்து மருந்து கலந்த தண்ணீரைக் குளித்துக் கழுவச் சொல்லுங்கள். கிணற்றில் பழக்குவதானால் நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவரும், கையில் கயிறும் இல்லாமல் இறக்காதீர்கள்.

இதையெல்லாம் யார் செய்வது? நான் பார்த்த மட்டில், நாலரை மணிக்கு எழுந்து அடுப்பை மூட்டுகிறவள் தாய். துண்டையும் உடுப்பையும் துவைக்கிறவள் தாய். பஸ் ஏற்றிக் கொண்டு போய்க் குளத்தங்கரையில் காத்திருக்கிறவள் தாய். பரிசு வாங்குகிற அன்றைக்கு மாத்திரம் சட்டையை இஸ்திரி போட்டுக் கொண்டு மேடைக்குப் பக்கத்தில் நிற்கிறவர் தகப்பனார்! தோழர்களே, பிள்ளை இருவருக்கும் பொதுவானால் பாடும் பொதுவாயிருக்க வேண்டாமா? வாரத்தில் மூன்று நாள் நீங்கள் எழுந்து பாருங்கள். உங்கள் கௌரவம் ஒன்றும் குறைந்து போகாது.

செய்யக் கூடாதது

செய்ய வேண்டியதைவிடச் செய்யக் கூடாதது அதிகம். குளத்தங்கரையில் நின்று கூச்சல் போடாதீர்கள். தண்ணீருக்குள் இருக்கிறவனுக்கு அது கேட்பதுமில்லை, கேட்டாலும் உதவுவதுமில்லை. பயிற்சி கொடுப்பது பயிற்சியாளருடைய வேலை. பந்தயம் முடிந்து வெளியே வருகிற பிள்ளையிடம் நேரத்தைக் கேட்காதீர்கள். அது அவனுக்கே தெரியும். துண்டைக் கொடுத்து, "பசிக்கிறதா?" என்று கேளுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். ஒரே வயதில் ஒருவன் உடம்பு முன்னே வளர்கிறது, மற்றொருவன் உடம்பு பின்னே வளர்கிறது. பன்னிரண்டு வயதில் ஜெயித்தவன் பதினெட்டில் பின்தங்குவதும், பன்னிரண்டில் கடைசியாக வந்தவன் பதினெட்டில் முன்னே வருவதும் இங்கே சாதாரணம்.

வயதைக் குறைத்து எழுதிக் கொடுக்காதீர்கள். நம் நாட்டு விளையாட்டுத் துறை முழுவதிலும் இந்தப் பித்தலாட்டம் இருந்ததால்தான் எலும்பைப் படம் பிடித்து வயது பார்க்கிற நிலைமை வந்தது. தகப்பனே பொய்ச் சான்று கொடுத்தால், பிள்ளை நீச்சலையா கற்றுக் கொள்வான்? திருட்டைத்தான் கற்றுக் கொள்வான்.

பயிற்சியாளர் ஆனாலும், குருவானாலும், அவரைச் சாமியாக்கி விடாதீர்கள். கிழக்கு ஜெர்மனியின் கதை தெரியுமா? 1976-இல் மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் பெண்கள் நீச்சலில் 13 தங்கத்தில் 11 தங்கத்தை அந்தச் சிறிய நாடு அள்ளிற்று. உலகமே வாயைப் பிளந்தது. பின்னால் வெளியான உண்மை என்ன? சின்னஞ்சிறு பெண்களுக்குச் "சத்து மாத்திரை" என்று சொல்லி ஆண்மைச் சுரப்பு மருந்தைக் கொடுத்து வந்திருக்கிறார்கள். பெற்றோருக்குத் தெரியாது, கேட்கவும் விடவில்லை. அந்தப் பெண்களில் பலர் வாழ்நாளெல்லாம் வியாதியோடு கஷ்டப்பட்டார்கள். ஆகையால், என்ன மாத்திரை, எதற்காக, யார் எழுதிக் கொடுத்தது என்று கேளுங்கள். கேட்டால் கோபிக்கிறவரிடம் பிள்ளையை விடாதீர்கள். தன் உடம்பை யார் தொட்டாலும் பிடிக்காவிட்டால் "வேண்டாம்" என்று சொல்லவும், வீட்டில் வந்து சொல்லவும் பிள்ளைக்குத் தைரியம் கொடுங்கள். அடித்தால்தான் படிப்பு வரும் என்பதே பொய். அடித்தால் நீச்சல் வரும் என்பது அதைவிடப் பெரிய பொய்.

இன்னொன்று. பந்தயத்திற்கு முன் ராகு காலம் பார்ப்பதும், அர்ச்சனை செய்வதும், மொட்டைக்கு வேண்டிக் கொள்வதும் நடக்கிறது. பந்தயக்காரன் துப்பாக்கியை வெடிப்பது அவனுடைய கடிகாரத்தைப் பார்த்தே தவிர உங்கள் பஞ்சாங்கத்தைப் பார்த்து அல்ல. எட்டுப் பாதைக்காரர் வீட்டிலும் வேண்டிக் கொண்டால் சாமி யாருக்கு உதவும்? அன்றியும் இதில் ஒரு பெரிய அநியாயம் இருக்கிறது. பிள்ளை ஜெயித்தால், "சாமி புண்ணியம்" என்கிறீர்கள். தோற்றால், "நீ சரியாக நீந்தவில்லை" என்கிறீர்கள். வெற்றியைப் பிள்ளையிடமிருந்து பிடுங்கிக் கல்லுக்குக் கொடுத்துவிட்டு, தோல்வியை மாத்திரம் பிள்ளை தலையில் கட்டுவது எந்த ஊர் நியாயம்?

பணமும் ஊரும்

கடைசியாகப் பணத்தைப் பற்றி. 2021-இல் நடிகர் மாதவன், கொரோனாவினால் பம்பாயில் குளங்கள் மூடிக் கிடந்தபோது, மகன் பயிற்சிக்காகக் குடும்பத்தோடு துபாய்க்கே குடிபோனார். மகனும் அடுத்த வருஷம் டென்மார்க்கில் பதக்கம் வாங்கினான். அந்தத் தகப்பனாரைக் குறை சொல்ல மாட்டேன், முடிந்தது, செய்தார். ஆனால் நூல் மில்லில் ஷிப்டு பார்க்கிற இராஜபாளையத்துத் தகப்பனும், பால்கோவாக் கடையில் அடுப்படியில் நிற்கிற ஸ்ரீவில்லிபுத்தூர்த் தாயும் எங்கே குடிபோவார்கள்?

ஈரோட்டில் பிறந்த குற்றாலீசுவரன், 1994-இல் 12 வயதில் பாக் ஜலசந்தியையும் இங்கிலீஷ் கால்வாயையும் நீந்தி, அந்த ஒரே வருஷத்தில் 6 ஜலசந்திகளைத் தாண்டினான். 1966-இல் மிகிர் சென் ஒரே வருஷத்தில் 5 தாண்டியதுதான் அதற்கு முன் பெரிய சாதனை. சர்க்கார் அர்ஜுனா விருது கொடுத்தது, மாலை போட்டார்கள், படம் பிடித்தார்கள். ஆனால் மேலே நீந்துவதற்குப் பணம் கொடுக்க ஆள் இல்லாமல், அந்தப் பிள்ளை நீச்சலை விட்டுப் படிப்புக்குப் போனார். நம் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற தேனியிலிருந்து 2019-இல் 10 வயதுச் சிறுவன் ஒருவன் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தினான். 1954-லேயே தொண்டைமானாற்று நவரத்தினசாமி யாழ்ப்பாணத்துக் கரையிலிருந்து கோடியக்கரைக்கு நீந்தி வந்து, அந்தக் கடலை முதன்முதல் தாண்டியவர் என்று பெயர் வாங்கினார். ஆகவே, தமிழனுக்கு நீச்சல் வராது என்று எவனும் சொல்ல முடியாது. வராதது ஊருடைய உதவிதான்.

ஆகையால் இரண்டு ஊர்ப் பெரிய மனிதர்களையும் கேட்கிறேன். திருமுக்குளத்தை வெட்டிப் படி கட்டத் தெரிந்த ஊருக்கு, எல்லா ஜாதிப் பிள்ளைகளும் காசில்லாமல் இறங்கக்கூடிய ஒரு 25 மீட்டர் பொதுக் குளத்தை வைத்து நடத்தத் தெரியாதா? 1936 முதல் ஆலை ஆலையாக எழுப்பிய ஊருக்கு, ஒரு பயிற்சியாளருக்குச் சம்பளமும், வெளியூர்ப் பந்தயத்துக்குப் போகிற பத்துப் பிள்ளைகளுக்குப் பஸ் செலவும் பெரிய பாரமா? ஒரு திருவிழாவின் வாணவேடிக்கைச் செலவைக் கணக்குப் பார்த்துவிட்டு எனக்குப் பதில் சொல்லுங்கள். பெற்றோர்களும் தனித்தனியாகப் பெருமூச்சு விட்டுக் கொண்டிராமல், பத்துப் பேர் சேர்ந்து நகரசபைக்கு மனுக் கொடுங்கள். பதில் வராவிட்டால் மறுபடியும் கொடுங்கள். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் கையெழுத்துப் போட்டாலே அந்த மனுவைக் குப்பையில் போட முடியாது.

தோழர்களே! எட்டுப் பாதையில் ஒருவன்தான் முதலில் வருவான். மற்ற ஏழு பேரும் நம் பிள்ளைகள்தான். அந்த ஏழு பேரும் தண்ணீருக்குப் பயப்படாதவர்களாய், பக்கத்துப் பாதைக்காரனை மனிதனாய் மதிக்கிறவர்களாய், மூழ்குகிறவனை இழுத்துக் கரை சேர்க்கத் தெரிந்தவர்களாய் வளர்ந்தால் அதுவே ஊருக்குப் பெரிய லாபம். பதக்கம் வந்தால் வரட்டும், அதற்காக நீந்தட்டும். ஆனால் வராவிட்டாலும் வீட்டுக்கு வருகிற பிள்ளைக்குக் கதவு திறந்தே இருக்கட்டும்.

நான் சொன்னவற்றில் உங்கள் அனுபவத்துக்கும் அறிவுக்கும் ஒத்ததை எடுத்துக் கொண்டு, நாளைக் காலையிலேயே செய்யத் தொடங்குங்கள் என்று கேட்டுக் கொள்ளுகிறேன்.